டத்தோவுக்கு ஓர் ஆடு

"தெரியும் துரை" என்று சொல்லி முடித்த பிறகுதான், தனக்குத் தெரியாது என்பது தோட்டக் கணக்கு எழுதும் கிராணி உடையப்பனுக்கு ஞாபகம் வந்தது.

துரை கேட்டது சின்னக் கேள்வி. தோட்டத்துக்குப் பின்னால் எழும் மலைக்காட்டில் ஓர் அருவி இருக்கிறதாமே, அருவிக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறதாமே, அதன்மேல் நின்றால் காம்பார் பட்டணம் வரைக்கும் தெரியுமாமே, வழி தெரியுமா? சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த துரைசானிக்குப் படம் வரைகிற பழக்கம். முதலில் ரப்பர் மரத்தை வரைந்தார். ஒன்றை வரைந்ததும் தோட்டம் முழுவதையும் வரைந்து முடித்ததாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

கேட்டுவிட்டுத் துரை பேசாமல் நின்றார். அந்த மௌனம்தான் வினை. உடையப்பன் எதையும் தாங்குவார். ஒருவர் பேசாமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை மட்டும் தாங்கமாட்டார். மௌனம் என்பது தான் தூர்க்க வேண்டிய பள்ளம் என்று அவருக்கு ஓர் எண்ணம். கைக்குக் கிடைத்ததைப் போட்டுத் தூர்த்துவிடுவார். பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது பொய்யாக இருக்கும்.

இந்த முறை பொய்க்குக் காரணமும் இருந்தது. பெரிய கிராணி நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவருடைய நாற்காலி காலி. நாற்காலியைவிட முக்கியம், குன்றின் மேலிருந்த அவருடைய பலகை வீடு காலி. உடையப்பனின் வீடோ ரப்பர் தகடுகளைப் புகைபோடும் புகைவீட்டின் பின்சுவரை ஒட்டியது. சோற்றில் புகை. பாயில் புகை. அவர் மனைவி நல்லம்மாள் தலைக்கு அரைத்துக் குளித்து மல்லிகை வைத்தாலும் மல்லிகையிலேயே புகை வாடை ஏறிவிடும்.

"அந்த வீட்டுக்கு எப்ப போறோம்னு கேக்கமாட்டேன்" என்று அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே உடையப்பன் ஆற்றோர மலாய்க் குடியிருப்பான கம்பத்துக்குப் போய்ப் பாக் ஆவாங்கைப் பிடித்தார். ஆவாங் பிரம்பு வெட்டுகிறவர். அந்த மலையில் அவர் கால் படாத இடம் இல்லை. உடையப்பனின் மலாய் கடைத்தெரு மலாய். விலை கேட்கப் போதும். விவரம் கேட்கப் போதாது.

"அருவிக்குப் போலாமா, பாக்?"

"தாராளமாப் போலாம். ஆத்தை விடாமப் பிடிச்சு ஏறு. காலையிலேயே போயிடு" என்றார் ஆவாங், பிரம்பைச் சீவிக்கொண்டே. "ஆனா மேல இருக்கிற பாறை டத்தோவோட இடம். மிந்தா இசின். அனுமதி கேக்காம ஏறாதே."

உடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். டத்தோ என்றால் சுல்தானிடம் பட்டம் வாங்கிய பெருந்தலை. இது பேராக்கில் நேற்றுக் கப்பலிறங்கியவனுக்கும் தெரியும்.

"டத்தோவா? பேரு என்ன?"

ஆவாங் காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பேர் சொல்லக் கூடாது."

"எப்ப வருவாரு?"

"அவருக்குத் தோணுறப்ப. அருவியில உடம்பை நனைச்சிட்டுப் பாறை நெழல்ல படுப்பாரு."

"தனியாவா?"

"தனியாத்தான். முன்னெல்லாம் பொஞ்சாதி புள்ளைங்களோட வருவாரு. இப்ப வயசாச்சு. ஒரு கால் நொண்டி. ஆனா அந்த மீசையப் பாத்தா இன்னும் வயித்தைக் கலக்கும்."

"கோவக்காரரோ?"

"தூக்கத்துல எழுப்பாத வரைக்கும் நல்லவரு."

"அவருக்கு என்ன புடிக்கும், பாக்?"

"ஆடு" என்றார் ஆவாங், யோசிக்காமல்.

"நீங்களும் எங்களோட வாங்களேன்."

ஆவாங் தலையை ஆட்டினார். "அவரோட காட்டுலதான் நான் பிரம்பு வெட்டுறேன். அவர் கண்ணுல நான் படாம இருக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் உடையப்பன் இதைத் துரையிடம் சொன்னார். துரை அந்தத் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தமிழ் நன்றாகவே பேசுவார். மலாய் 'நில்', 'போ'வோடு சரி. டத்தோ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. ரப்பர் கித்தாவின் விலை மீண்டும் ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. ஆற்றுக்கு அக்கரை நிலத்தின்மேல் துரைக்கு ஒரு கண். ஒரு டத்தோவின் தயவு இருந்தால் வேலை சுலபம்.

"கிராணி, நீ ரொம்பக் கெட்டிக்காரன். நாங்க சும்மா வேடிக்கை பாக்கப் போகக் கூடாது. மரியாதையாப் போகணும். நான் கோட்டுப் போடுவேன். நீ ஒரு நல்ல ஆடு வாங்கு. மாலை வாங்கு."

"ஆகட்டும் துரை."

"காடு ஆச்சே. துப்பாக்கி எடுக்கலாமா?"

உடையப்பனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "கூடவே கூடாது துரை. பெரிய மனுசர் வீட்டுக்குத் துப்பாக்கியோட போனா என்ன நெனைப்பாரு?"

"சரியாச் சொன்னே" என்றார் துரை. பிறகு சன்னல் வழியே குன்றின்மேல் இருந்த காலி வீட்டைப் பார்த்துக்கொண்டு, "அந்த வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் உடையப்பன் வெற்றிலை பாக்கு வாங்க முச்சந்தியிலிருந்த நாகூர் மீரான் கடைக்குப் போனார். சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். மீரான் வெற்றிலையை எண்ணும்போது கடையில் ஒரு மௌனம் விழுந்தது. உடையப்பன் அதையும் தூர்த்தார். ஆவாங் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

மீரான் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"கிராணியாரே, இந்த வட்டாரத்துல டத்தோ ஏது? டத்தோமாருங்க ஈப்போவுல காருல போய்க்கிட்டு இருப்பாங்க. பாறையில படுத்துக் கெடப்பாங்களா?"

"பின்ன?"

"மீசை இருக்குன்னான்ல?"

"ஆமா."

"தனியா வரும், தண்ணியில நனையும், நெழல்ல படுக்கும், ஆடுன்னா புடிக்கும், பேரச் சொல்லக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமா பாய்."

"அட போங்கலா! மலாய்க்காரவுக காட்டோரத்துல புலிய புலின்னு சொல்லமாட்டாக. சொன்னா கேட்டுக்கிட்டு வந்துருமாம். அதான் டத்தோ, பெரியவரு, தாத்தான்னு மரியாதையாச் சொல்றது. போன மழைக்குத் தாப்பா ரோட்டுல ஒரு நொண்டிப் புலி மாட்டை இழுத்துக்கிட்டுப் போச்சே, கேக்கல?"

உடையப்பனுக்குக் கடை வாசற்படி சற்றே சாய்ந்தாற்போல் இருந்தது.

"அதுக்கு நீங்க ஆட்டைக் கொண்டு போறீங்க. தொட்டுக்கத் துரையும் துரைசானியும். வெத்தலை பாக்கு ஒண்ணுதான் கொறை" என்று பொட்டலத்தை நீட்டினார் மீரான். "இந்தாங்க."

உடையப்பன் அங்கிருந்து நேராகத் துரை பங்களாவுக்கு ஓடினார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் படியேறினார். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசாமல் பார்த்தார். அவ்வளவுதான்.

"துரை, டத்தோவுக்குக் காய்ச்சலாம். பயணத்தை நிறுத்திடலாம்."

"காய்ச்சலா? பாவமே!" துரை எழுந்துவிட்டார். "அப்ப கட்டாயம் போகணும். என்கிட்ட கொய்னா மாத்திரை இருக்கு. கஷ்ட காலத்துல போறவன்தான் சிநேகிதன்."

"வழியில காட்டுக்கோழி நெறைய இருக்கும் துரை. துப்பாக்கி ஒண்ணு…"

"காய்ச்சக்காரர் வீட்டுக்குத் துப்பாக்கியா? நீயே சொன்னியே, மரியாதை."

வீட்டுக்கு வந்ததும் நல்லம்மாளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அவள் துரை தோட்டத்துப் பூவில் மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"துரைகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க."

"சொன்னா வீடு போயிடும்."

"சொல்லாட்டித் துரையே போயிடுவாரே?"

"துரை போயிட்டா அப்புறம் வீட்டை யாரு குடுப்பா?" என்று உடையப்பன் யோசித்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு கைநழுவியது. நல்லம்மாள் மாலையை முடிந்தாள். இருவருக்கும் நடுவே புகை நின்றது.

ஞாயிறு காலை நான்கு பேரும் ஓர் ஆடும் மலையேறினார்கள். துரை கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். துரைசானி அகலத் தொப்பியோடு வர்ணப் பெட்டியைத் தூக்கி வந்தார். பங்களாவில் சமைக்கும் குசினிக்காரன் அப்பாவு தலையில் சாப்பாட்டுக் கூடை, கையில் ஆட்டுக் கயிறு. உடையப்பன் கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, மாலை, கொய்னா.

ரப்பர் மரங்களின் வரிசை ஓரிடத்தில் சட்டென்று நின்றது. அதற்கப்பால் வரிசை என்பதே இல்லை. மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டிருந்தன. அட்டைகள் இலை நுனியில் நின்று அவர்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. துரைசானி ஓர் அட்டையைக் கூர்ந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லித் துரையின் கோட்டில் விட்டார்.

சத்தம் போட்டால் புலி விலகிப் போகும் என்று உடையப்பன் கேள்விப்பட்டிருந்தார். இருமினார். கனைத்தார். பிறகு வாய்க்கு வந்த பாட்டைப் பெருங்குரலில் பாடினார்.

"என்ன கிராணியாரே, காவடிக்கு ஒத்திகையா?" என்றான் அப்பாவு.

துரை திரும்பினார். "கிராணி, துரைசானிக்கு இந்த அமைதி ரொம்பப் புடிக்குது. நீ வாயத் தொறக்காதே."

இனி அமைதியாக நடந்தால் புலிக்குத் தெரியாமல் போய்விடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். அப்போது ஆடு கத்தியது. மலை முழுவதும் கேட்கும்படி கத்தியது. இங்கே இருக்கிறேன் என்று முகவரி சொல்வதைப் போலிருந்தது.

"அப்பாவு, அது வாயப் பொத்துய்யா!"

"ஆட்டு வாயவா? துரை உங்க வாயத்தானே பொத்தச் சொன்னாரு?"

"எதாவது தின்னக் குடு. கத்தாது."

அப்பாவு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாம்பாளத்திலிருந்த மாலையை எடுத்து ஆட்டின் கழுத்தில் போட்டான். ஆடு கழுத்தை வளைத்து எட்டிய பூக்களைத் தின்றுகொண்டே ஏறியது. கத்தவில்லை. டத்தோவுக்கு வைத்திருந்த மரியாதை பாதி வழியிலேயே பாதியாகிவிட்டது.

அருவி திடீரென்று வந்தது. முதலில் ஓசை, பிறகு குளிர்ச்சி, ஒரு திருப்பத்தில் தண்ணீர். கரும்பாறையில் வெள்ளையாக இறங்கி, கீழே பச்சைக் குளத்தில் விழுந்து, விழுந்ததை மறந்துவிட்டதுபோல் மெல்ல நகர்ந்து போயிற்று. யாரும் பேசவில்லை. உடையப்பனும் பேசவில்லை. தூர்க்கவேண்டிய அவசியமில்லாத மௌனம் என்று ஒன்று உண்டென்பது அவருக்கு அதுவரை தெரியாது. சற்று நேரம் புலியும் வீடும் துரையும் அவர் நினைவில் இல்லை.

"எங்கே டத்தோ?" என்றார் துரை.

எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

"பாறை மேலன்னு சொன்னாங்க துரை. இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சல்ல வீட்டுலயே…"

துரை அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தார்.

பாறை ஒரு பெரிய யானையின் முதுகைப்போல் வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு பக்கம் மரநிழலும் பெரணிப் புதரும். மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. கீழே தூரத்தில் ஈயம் தோண்டிய குட்டைகள் கண்ணாடிச் சில்லுகளாக மின்னின. தோட்டம், யாரோ சீப்பால் வாரிவிட்ட தலையாகத் தெரிந்தது. அதன் நடுவிலிருந்து புகைவீட்டுப் புகை நூல்போல எழுந்தது. பக்கத்துக் குன்றில் தீப்பெட்டி அளவில் ஒரு வீடு. இவ்வளவு சின்னதா அது என்று உடையப்பன் நினைத்தார். இவ்வளவு சின்னதுக்கா இத்தனையும்?

அப்பாவு ஆட்டை ஒரு வேரில் கட்டினான். துரை கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். துரைசானி தூரிகையை எடுத்தார்.

பெரணிப் புதருக்குப் பின்னாலிருந்து ஓர் ஓசை வந்தது.

"உர்ர்ர்ர்…"

நின்றது. பிறகு இன்னும் ஆழத்திலிருந்து, "உர்ர்ர்ர்ர்…"

உடையப்பன் மெல்லத் திரும்பினார். பெரணி இலைகளின் இடுக்கில், மஞ்சளில் கறுப்புக் கோடு. அது மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

"கிராணி, என்ன சத்தம்?" என்றார் துரை.

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அதே மௌனம். அவருக்குப் பின்னால் தீப்பெட்டி வீடு தெரிந்தது. குடல் சத்தம் என்று சொல்லலாம். காற்று என்று சொல்லலாம். டத்தோ அசந்து தூங்குகிறார், வாருங்கள் மெதுவாக இறங்கிவிடலாம் என்றுகூடச் சொல்லலாம். உடையப்பன் துரைசானியின் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார். அது இன்னும் வர்ணத்தைத் தொட்டிருக்கவில்லை.

வீடு போனால் போகட்டும் என்று முடிவு செய்தார். அந்த வாரத்தில் அவர் துரையிடம் சொன்ன முதல் உண்மையை, அடிவயிற்றிலிருந்து சொன்னார்:

"புலி! புலி! புலி!"

அதன்பிறகு நடந்ததை நால்வரும் நான்கு விதமாகச் சொல்வார்கள். துரைசானிதான் முதலில் இறங்கினார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. துரை கோட்டோடு பாறையில் சறுக்கிப் பச்சைக் குளத்துக்குள் போனார். உடையப்பன் தாம்பாளத்தை விட்டெறிந்துவிட்டு அவர் கழுத்துப்பட்டியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். வர்ணப் பெட்டி ஆற்றோடு போய், தண்ணீரில் சற்று தூரம் நீலமும் சிவப்புமாக ஓடியது. அப்பாவு சாப்பாட்டுக் கூடையை விடவில்லை. ஆடு மட்டும் மாலையும் கழுத்துமாக மேலேயே நின்றுவிட்டது.

ரப்பர் மரங்களின் வரிசை வந்த பிறகுதான் நின்றார்கள். தன் வாழ்க்கையில் முதன்முறையாக வரிசை எவ்வளவு அழகானது என்று துரைசானி சொன்னார்.

துரை ஈரக் கோட்டோடு மூச்சிரைக்க உடையப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட மௌனம். உடையப்பன் அதைத் தூர்க்கவில்லை. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"கிராணி" என்றார் துரை கடைசியில். "நீ எங்க உயிரைக் காப்பாத்தினே. வேற ஆளா இருந்தா, தான் மட்டும் ஓடியிருப்பான்." உடையப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளையிலேர்ந்து நீதான் பெரிய கிராணி."

"துரை… டத்தோ…"

"பாவம் டத்தோ. நல்லவேளை, காய்ச்சல்னு அவர் பாறைக்கு வரல."

அடுத்த ஞாயிறு குன்றின்மேல் குடியேறினார்கள். சுவரில் வெள்ளை இன்னும் காயவில்லை. நல்லம்மாள் எல்லாச் சன்னல்களையும் திறந்துவைத்துவிட்டு, தன் கூந்தல் நுனியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"போயிருச்சு" என்றாள். "வாடையே இல்லைங்க."

"உண்மை பேசினா இப்படித்தான்" என்றார் உடையப்பன். அதை அவர் மனதார நம்பவும் தொடங்கியிருந்தார். ஆயுசு முழுக்கப் பொய் சொல்லிக் கிடைக்காதது, ஒரே ஓர் உண்மையைச் சொன்னதும் கிடைத்துவிட்டதே! இனி எந்த மௌனத்துக்கும் பயப்படுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, புதுச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார்.

அப்பாவு குன்றேறி ஓடிவந்தான்.

"பெரிய கிராணியாரே! துரை உங்கள உடனே கூப்புடுறாரு."

"ஞாயித்துக்கிழமையா? என்னவாம்?"

"பங்களாவுக்கு ஒரு மலாய்ப் பெரியவர் வந்திருக்காரு. இம்மாம் பெரிய மீசை. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறாரு. அக்கரையில இருக்கிற நெலமெல்லாம் அவரோடதுதானாம்."

உடையப்பன் நாற்காலியிலிருந்து காலை மெல்லக் கீழே வைத்தார்.

"இடுப்புல என்ன கட்டியிருக்காரு?"

"கைலிதான். மஞ்சள்ல கறுப்புக் கோடு போட்டது. கையில நம்ம ஆட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

வீட்டுக்குள் ஒரு மௌனம் விழுந்தது. உடையப்பன் வாயைத் திறந்தார். அதில் தூர்ப்பதற்கு எதுவும் இல்லை.

"துரைக்கு அவரு மலாய் வெளங்கல. நீங்க வந்து மொழிபெயர்க்கணுமாம்" என்றான் அப்பாவு, மூச்சு வாங்கிக்கொண்டே. "எனக்கு அரைகுறையா வெளங்கின வரைக்கும், போன ஞாயிறு அருவியில குளிச்சிட்டுப் பாறையில கொறட்டை விட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தாராம், யாரோ தமிழாளுங்க மாலை போட்ட ஆட்டைக் காணிக்கையா வச்சிட்டு, அவரு முன்னால நின்னு சத்தமா மூணு தரம் வாழ்த்திட்டுப் போனாங்களாம், 'புலி'ங்கிறது நீங்க டத்தோமாரக் கூப்புடுற மரியாதைப் பேரான்னு கேக்குறாரு!"